கையில ஆள் இருக்கு

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கெர்கினாவின் விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விடுகின்றன. கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே, இரண்டு விசைகளை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் அம்புக்குறியைத் தட்டுகிறாள். திரை ஒரு பக்கமாக நழுவி அடுத்தது வருகிறது. அதை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறாள். மறுபடி ஒரு தட்டு. ஆறாவது வரை போய், வந்த வழியே முதலாவதற்குத் திரும்புகிறாள். வெளியூர் போய்த் திரும்பியவர்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார்களே, அப்படி. பிறகுதான் கோட்டைக் கழற்றி மாட்டுவாள். பிறகுதான் எங்களுக்குக் காலை வணக்கம்.

"யாரும் தொடலையே?" என்பதுதான் அந்த வணக்கம்.

விதின் நகரத்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, பூக்கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது பிளாமெனின் அச்சுக்கடை. அஞ்சலித் தாள் அச்சிடுவதுதான் அங்கே வேலை. கறுப்புக் கட்டம், படம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே நாலு வரி. வாங்கிப் போகிறவர்கள் அடுக்குமாடி வாசற்கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் தெருமரத்திலும் ஒட்டுவார்கள். இறந்த அன்று ஒட்டுவதோடு முடிவதில்லை. நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, வருட முடிவில் ஒன்று, அதன் பிறகு நினைக்க ஆள் இருக்கும்வரை ஆண்டுக்கு ஒன்று. அதனால் எங்கள் ஊரில் இறந்தவர்கள் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். அவர்களை வரிசை தவறாமல் வரவழைப்பது கெர்கினா.

நான் நகராட்சியில் இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு காலை வேளைகளில் இந்தக் கடையில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகுமுன் தாள்களைச் சரிபார்க்கிறேன். பெயரும் தேதியும் என் பொறுப்பு. முகம் கெர்கினாவின் பொறுப்பு. இந்தப் பிரிவினை அவள் செய்தது. என்னை "பதிவாளர் ஐயா" என்றுதான் கூப்பிடுவாள். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு குத்தல் என்பதை நான் இன்னும் பிரித்து அறியவில்லை.

கடையின் கணினி பழையது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அதில் ஓட மறுத்தபோது பிளாமெனின் நண்பன் ஒருவன் வந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது, ஒரே திரைக்குள் ஆறு திரை வைத்துக்கொள்ளலாம் என்று பிளாமெனுக்குச் சொல்லிக் கொடுத்தான். பிளாமென் அதைக் கெர்கினாவுக்குச் சொன்னான்.

"ஆறு மேசை இருக்கற மாதிரி அக்கா. ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும்."

"அப்ப மத்த அஞ்சையும் யாரு பாத்துக்கறது?" என்று கேட்டாள் கெர்கினா.

அன்றிலிருந்து அவளே பார்த்துக்கொள்கிறாள். மேசை என்று அவள் சொல்வதில்லை, அறை என்பாள். முதல் அறையில் புதிதாக இறந்தவர்கள். இரண்டாவதில் நாற்பதாம் நாள். மூன்றாவதில் அரை வருடம். நான்காவதில் ஒரு வருடம். ஐந்தாவதில் பழையவர்கள். ஆறாவது அறை உயிரோடு இருப்பவர்களுக்கு. தங்கள் தாளில் எந்தப் படம் வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் விட மனம் வராமல், தாங்களே நல்ல படமாகப் பார்த்து முன்கூட்டிக் கொடுத்து வைத்தவர்கள் இங்கே ஏராளம். கல்லறைக் கல்லில் தன் பெயரைச் செதுக்கி இறப்புத் தேதிக்கு இடம் விட்டு வைக்கிற ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை.

ஒவ்வொரு அறையிலும் அந்த அறைக்குரிய கோப்புறை ஒரு ஜன்னலில் திறந்திருக்கும். கையில் இருக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு சிறு ஜன்னல். எதையும் அவள் மூட மாட்டாள். மாலையில் கணினியைத் தூங்க வைப்பாளே தவிர அணைக்க மாட்டாள். "மூடிட்டா உள்ள யாரு இருக்கா, யாரு போனான்னு எப்படித் தெரியும்?" என்பாள்.

நகலெடுப்பதும் அவளுக்கு ஆகாது. ஒருவருக்கு நாற்பது நாள் முடிந்தால் அவருடைய கோப்புறையை இரண்டாம் அறையில் வெட்டி எடுத்து, மூன்றாம் அறைக்குப் போய் அங்கே ஒட்டுவாள். வெட்டியதும் அந்தக் கோப்புறையின் உருவம் மங்கிப் போகும். ஒட்டும்வரை அவர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்பது கெர்கினாவின் கணிப்பு. அந்த இடைவெளியில் அவளிடம் பேசக் கூடாது. பூக்கடைக்காரி சில்லறை கேட்டு வந்தாலும், பிளாமெனின் தொலைபேசி அலறினாலும் பதில் ஒன்றுதான்.

"கையில ஆள் இருக்கு. பேசாதீங்க."

கோப்புறைகளுக்குக் குடும்பப் பெயர் மட்டும்தான் வைப்பாள். முதற்பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லி நான் பலமுறை சொல்லிவிட்டேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வாய் என்றேன்.

"ஒருத்தர் ரெண்டாவது அறையில இருப்பாரு, இன்னொருத்தர் அஞ்சாவதுல இருப்பாரு. வீட்டுல சமையலறை எங்க இருக்குன்னு பலகை எழுதி மாட்டுவீங்களா, பதிவாளர் ஐயா?"

விசைப்பலகையின் மேல் அவளே பின்னிய துணி ஒன்றை விரித்து வைத்திருப்பாள். எழுந்து போகும்போது மவுஸை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவாள். மதியம் கொறிக்கிற சூரியகாந்தி விதைப் பொட்டலத்தின் வாயை ஒரு தனிவிதமாக மடித்து வைப்பாள். மடிப்பு மாறியிருந்தால் அன்று எனக்கும் பிளாமெனுக்கும் விசாரணை. கடையில் வாங்கிய தயிரின் மூடியை யாராவது பிரித்திருக்கிறார்களா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாள். வானொலியில் மழை என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருவாள். நனைந்து வந்த நாட்களில், "வேணும்னே இந்தத் தடவை உண்மையச் சொல்லியிருக்கானுங்க" என்பாள்.

மார்ச் பிறந்ததும் ஊர் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைத் தன் மணிக்கட்டில் ஒன்றும் திரையின் கழுத்தில் ஒன்றும் கட்டுவாள். முதல் நாரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பாள்.

"நீங்க பாப்பீங்க, சரி. கம்ப்யூட்டரு எப்படிக்கா நாரையப் பாக்கும்?" என்று பிளாமென் சீண்டுவான்.

"நான் பாத்துட்டு வந்து சொல்லுவேன். அது என்னை நம்பும். ஒன்னை மாதிரியா?"

நம்பாததற்கு பிளாமெனிடம் காரணம் இருந்தது. கெர்கினாவின் திரையில், வலது கீழ் மூலையில், ஒரு பட்டை உண்டு. ஒரு ஜன்னலைச் சுருட்டித் தலைப்பு மட்டும் தெரியும்படி ஆக்கி, எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும்படி, தலைப்பில் உள்ள ஊசிக்குறியை அழுத்திக் குத்தி வைத்திருந்தாள். தலைப்பில் "மற்றவை" என்று ஒரே சொல். புதிதாக இறந்தவர்களிடம் போனாலும் அந்தப் பட்டை அங்கே இருக்கும். பழையவர்களிடம் போனாலும் இருக்கும். அது விரிந்திருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. யாராவது பக்கத்தில் வந்து நின்றால் அவளுடைய தோள் தானாக அந்த மூலைப் பக்கம் சாயும்.

இதே தெருவின் கோடியில் இன்னொரு அச்சுக்கடை இருக்கிறது. சென்ற ஆண்டு அவர்களுடைய தாள்களில் எங்கள் கடையின் கட்டத்தைப் போலவே, மூலையில் திராட்சைக் கொடி வைத்த கட்டம் வரத் தொடங்கியது. பிளாமென் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான்.

"மற்றவைன்னா யாருய்யா அந்த மத்தவங்க? அக்கா அவனுக்கு இங்க ஒக்காந்தே வேலை செஞ்சு குடுக்கறாங்க. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. ஆனால் நானும் அந்தப் பட்டையைக் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். வாழ்நாள் முழுவதும் பதிவேட்டோடு இருந்தவனுக்கு "மற்றவை" என்ற தலைப்பு உறுத்தும். எங்கும் சேராததை வைக்கிற இடம் அது.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் பல்லைப் பிடுங்கிக்கொள்ள கெர்கினா வெளியே போயிருந்தாள். மின்சாரம் போயிற்று. கணினி அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் பிளாமென் அதை இயக்கிவிட்டு, வாடிக்கையாளர் ஒருவரோடு பேச வாசலுக்குப் போனான். நான் மட்டும் திரைக்கு எதிரே இருந்தேன். இயங்கத் தொடங்கிய கணினி, முன்பு திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் தானே மறுபடி திறந்தது. ஆனால் எது எந்த அறையில் இருந்தது என்பது அதற்கு நினைவில்லை. எல்லாவற்றையும் முதல் அறையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டது. சுருட்டி வைத்திருந்த பட்டையும் விரிந்து வந்தது.

கெர்கினா கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்தியபடி வந்தாள். குவியலைப் பார்த்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது. குவியலின் உச்சியில் இருந்த ஜன்னலை ஒரே சொடுக்கில் சுருட்டி மூலைக்குத் தள்ளினாள். அதன் பிறகுதான் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, திரையின் ஓரத்தில் இடித்து அடுத்த அறைக்குத் தள்ளத் தொடங்கினாள். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கடைக்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். பெரிய மீசை. கையில் எங்கள் கடைத் தாள் ஒன்று. ஒட்டிய நாடாவோடு கதவிலிருந்து உரித்தது.

"யாரும்மா இங்க படம் போடறது?"

"நான்தான்."

"நான் எப்பம்மா செத்தேன்?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். கமென் வெல்கோவ், ஓராண்டு நினைவஞ்சலி. பெயர் சரி. தேதிகள் சரி. படத்தில் இருந்த மீசை எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவர் கமெனின் தம்பி அசென். பிப்ரவரி தொடக்கத்தில்தான் தன் படத்தைக் கொண்டுவந்து ஆறாவது அறைக்குக் கொடுத்திருந்தார். அதே நாட்களில் கமெனின் மனைவி தோன்கா, கணவனின் வருட முடிவுத் தாளுக்குச் சொல்லியிருந்தாள். இரண்டு சிறு ஜன்னல்கள். இரண்டின் தலைப்பும் "வெல்கோவ்". அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மீசை.

"ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரி என்னையப் பாத்துட்டு செலுவை போட்டுக்கறா. என்னடான்னு கேட்டா கதவக் காட்டறா. வீட்டுல அண்ணி அழறாளா சிரிக்கறாளான்னு எனக்கு வெளங்கலை. ஞாயித்துக்கெழமை கல்லறையில கோதுமை வெச்சுப் படைக்கணும். யாருக்கு வெக்கறதுன்னு கேக்கறா."

பிளாமெனின் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, என்ன இது?"

"யாரோ தொட்டிருக்காங்க," என்றாள் கெர்கினா. "நான் பல்லு பிடுங்கப் போன அன்னைக்கு. வந்து பாத்தா எல்லாம் குவிஞ்சு கெடந்துது. வெல்கோவ் ஜன்னல மாத்தி வெச்சது நானில்ல."

"யாரு தொடப் போறா? ஒங்க மவுஸே பூட்டுல இருக்கு. நான் சொல்றேன் என்ன நடந்துதுன்னு. ஒங்க கவனம் நம்ம வேலையில இல்ல. கோடிக்கடைக்காரன் வேலையில இருக்கு. அந்தப் பட்டையத் தெறங்க."

"அது என் சொந்த விஷயம்."

"கம்ப்யூட்டரு என்னது. இப்பத் தெறக்கலேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

சூரியகாந்தி விதைப் பொட்டலத்தின் மடிப்பை விரித்து மறுபடி மடித்தாள் கெர்கினா. கணவன் வெளிநாட்டில், மகள் திருமணமாகித் தலைநகர் சோபியாவில். குளிர்காலத்துக்கு விறகு வாங்குவதுகூட இந்தக் கடைச் சம்பளத்தில்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அவள் பிளாமெனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீங்க இங்கதான் இருந்தீங்க, பதிவாளர் ஐயா."

"இருந்தேன்மா. யாரும் தொடலை. கரண்ட் வந்ததும் அதுவா எல்லாத்தையும் மொத அறையில கொண்டுவந்து போட்டுது. நீ வர்ற வரைக்கும் அப்படியேதான் கெடந்துது. எடுத்து வெச்சது நீ மட்டுந்தான்."

"அப்ப குவியலப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"மேல இருந்ததை?"

நான் கையிலிருந்த தாளில் தேதிகளை மறுபடி சரிபார்க்கத் தொடங்கினேன்.

"பாத்தீங்க," என்றாள். "ரெண்டு வாரமா என் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, பாக்காத மாதிரி தேதி திருத்திக்கிட்டு இருந்தீங்க."

பட்டையின் மேல் இரண்டு முறை சொடுக்கினாள். ஜன்னல் இறங்கி விரிந்தது. அதற்குள் கோடிக்கடை வேலை எதுவும் இல்லை. இரண்டே இரண்டு கோப்புகள். முதலாவது ஒரு படம்: லாரியின் கதவில் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன். இரண்டாவது, திராட்சைக் கொடிக் கட்டம் போட்டுத் தயாராக இருந்த ஓர் அஞ்சலித் தாள். அதே படம். குரூம் என்ற பெயர். பிறந்த தேதி. ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு எதுவும் இல்லை.

"குரூம் மாமாவா?" என்றான் பிளாமென். குரல் இறங்கிவிட்டது. "அவரு ஸ்பெயின்ல லாரி ஓட்டறாருன்னு..."

"ஓட்டறாரு. இல்லேன்னு யாரும் எனக்குச் சொல்லலை."

"அப்ப இது எதுக்கு?"

"சில வருஷம் முன்னாடி ஒரு கிறிஸ்மஸுக்கு போன் எடுக்கலை. புது வருஷத்துக்கும் எடுக்கலை. அப்பறம் அந்த நம்பரே இல்லேன்னுது. கோவத்துல ஒக்காந்து பண்ணினேன். வேணும்டான்னு பண்ணினேன். பண்ணி முடிச்சப்பறம் அழிக்க வரலை. எந்த அறையில வெக்கறதுன்னும் தெரியலை." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு இது எல்லாருக்கும் தெரியற மாதிரி மேல தெறந்து கெடந்துது. இத மறைச்சாப் போதும்னு இருந்துது. மத்தவங்கள எங்க வெச்சேன்னு எனக்கே தெரியலை."

பிளாமென் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். எதைத் தேடினான் என்று தெரியவில்லை.

அசென் வெல்கோவ் மேசையின் மேல் குனிந்து அந்தத் தாளை நிதானமாகப் படித்தார்.

"நல்ல நியாயம்மா இது. கட்டினவன வருஷக்கணக்கா தேதி போடாமக் காப்பாத்தி வெச்சிருக்கே. என்னைய மட்டும் ஒரு வார்த்தை கேக்காம அனுப்பிட்டே."

கெர்கினாவின் வாய் ஓரம் அசைந்தது. அழுகையா என்று பார்த்தேன். சிரிப்புதான்.

"உட்காருங்கண்ணே," என்றாள். "ஒங்கள மொதல்ல ஆறாவதுக்குக் கொண்டுபோய்ச் சேக்கறேன்."

"காத்து வர்ற எடமாப் பாத்து வை."

"பேசாதீங்க. கையில ஆள் இருக்கு."

அவர் மீசையைத் தடவியபடி உட்கார்ந்தார். அவள் அவருடைய கோப்புறையை நான்காவதில் வெட்டி, ஆறாவதற்குப் போய் ஒட்டினாள். ஆறாவதிலிருந்து அண்ணனை எடுத்து நான்காவதில் இறக்கினாள். இரண்டு கோப்புறைகளுக்கும் முதற்பெயரைச் சேர்த்து எழுதினாள். எழுதும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. பிளாமென் புதிய தாள்களைக் காசு வாங்காமல் அச்சிட்டான். கெர்கினா அவற்றை எடுத்துக்கொண்டு, வெல்கோவ் குடும்பத்தார் வாழும் தெருவின் கதவு கதவாகப் போய்ப் பழையதை நகத்தால் உரித்துப் புதியதை ஒட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்பி வந்தாள். நாளைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று அவளும் கேட்கவில்லை, பிளாமெனும் சொல்லவில்லை. மாலையில் அவன் புறப்படும்போது, "காலையில மூணு பேரு வர்றாங்கக்கா, சீக்கிரம் வந்துடுங்க" என்றான்.

அவன் போன பிறகு நானும் தொப்பியை எடுத்தேன்.

"பதிவாளர் ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"வெளிநாட்டுல நம்ம ஊர் ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஒங்க ஆபீசுக்குத் தாள் வருமா?"

"வரும். அங்க பதிஞ்சு, தூதரகம் வழியா இங்க வரும். தாமதமா வரும். ஆனா வரும்."

"வந்தா ஒங்க கைக்குத்தான் வரும்."

"நான் இருந்தவரைக்கும் என் கைக்குத்தான். இப்ப அங்க இருக்கற பொண்ணு, நமக்கு அறிமுகமான பேரு எது வந்தாலும் எங்கிட்ட சொல்லிடுவா."

"இத்தனை வருஷமா ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்கேன்," என்றாள். "கேக்கலை. கேட்டா சொல்லிடுவீங்களேன்னு."

"அப்படி எதுவும் வரலைம்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்குத் தெரியும். தயிர் மூடியைப் பார்க்கிற அதே பார்வை. மூடி பிரிக்கப்படாதது என்று எப்போது முடிவு செய்தாள் என்று சொல்ல முடியாது. திரும்பி உட்கார்ந்தாள்.

பகலில் திறந்ததற்குப் பிறகு "மற்றவை" மறுபடி பட்டையாகச் சுருண்டு மூலையில் இருந்தது. அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஆறாவது அறைக்குப் போனாள். பட்டை கூடவே வந்தது. அதை விரித்து, தேதியில்லாத தாளை அழித்தாள். நிச்சயமா என்று கணினி கேட்ட கேள்விக்கு ஆம் என்பதை அழுத்தினாள். தலைப்பை அழித்துவிட்டு "குரூம்" என்றும் அதன் பக்கத்தில் குடும்பப் பெயரையும் எழுதினாள். பிறகு ஜன்னலில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். அசென் வெல்கோவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நகர்த்தி வைத்தாள்.

வந்த வழியே திரும்பினாள். ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. ஒவ்வோர் அறையிலும் நின்று வலது கீழ் மூலையைப் பார்த்தாள். முதல் அறைக்கு வந்ததும் விசைப்பலகையை மூட எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டை இருந்த அந்த வெற்று மூலையை அழுத்தித் துடைத்தாள்.